அறுவைசிகிச்சை நாள் ஆண்டுதோறும் திரும்பும்போது

மார்பகப் புற்றுநோய்க்கு அறுவைசிகிச்சை செய்துகொண்ட பெண்ணுக்கு, அந்தத் தேதி மறுபடி நெருங்கும் வாரங்களில் உறக்கம் கெடுவதும், காரணம் தெரியாமல் அழுகை வருவதும், ஆறிய தழும்பில் புதிதாக வலி எழுவதுபோல் தோன்றுவதும் உண்டு. பேரிழப்போ பேரச்சமோ நேர்ந்த நாள் திரும்பும்போது மனமும் உடலும் அதை மீண்டும் அனுபவிக்கும் இந்நிலையை உளவியலார் ‘ஆண்டுநாள் எதிர்வினை’ என்பர். கடலூர் மாவட்டத்துக் கடற்கரை மக்களுக்கு இது புதிதன்று. 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலையில் மாண்டவர்களுக்காகத் தேவனாம்பட்டினத்தில் ஆண்டுதோறும் கடலில் பால் ஊற்றி, மலர் தூவி அஞ்சலி செலுத்தப்படுகிறது. அந்தத் துயரத்துக்கு ஊர் கூடி இடம் தருகிறது, மார்பை இழந்தவளின் துயரத்தையோ, “அதான் பிழைச்சிட்டியே, இன்னும் என்ன?” என்ற ஒரே கேள்வியில் வீடு முடித்துவிடுகிறது.

உண்மையில், சிகிச்சை ஓயும் காலத்தில்தான் மனச்சுமை பலருக்குக் கூடுகிறது. கீமோவும், பேச்சுவழக்கில் ‘கரண்டு வைப்பது’ எனப்படும் கதிர்வீச்சும் நடக்கும்வரை மருத்துவமனைக்குப் போய்வருவதே பிடிமானமாக இருக்கிறது. அது நின்றபின், நோய் திரும்புமோ என்ற அச்சத்தோடு அவள் தனித்துவிடப்படுகிறாள். திரைக்கலைஞர் கௌதமி தம் மார்பகப் புற்றுநோய் பற்றி வெளிப்படையாகப் பேசியதும், ‘லைஃப் அகெய்ன்’ அறக்கட்டளையைத் தொடங்கியதும் இந்த மௌனத்தை ஓரளவு உடைத்தன என்றாலும், கடலூர் முதுநகரின் சந்துகள்வரை அந்தப் பேச்சு வந்து சேர்ந்துவிட்டதாகச் சொல்ல முடியாது.

மனச்சோர்வு இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்து, உணவையும் உறக்கத்தையும் வேலையையும் கெடுத்தால் அது மருத்துவம் தேவைப்படும் நிலையாகும். இங்கே கவனிக்கத் தவறும் ஆபத்து ஒன்று உண்டு. ஹார்மோன் சார்ந்த புற்றுநோய் உள்ளவர்களில் பலர் அறுவைசிகிச்சைக்குப் பின் 5 ஆண்டுகளும், சிலர் 10 ஆண்டுகளும் டமாக்சிஃபென் மாத்திரை உட்கொள்கின்றனர். மனச்சோர்வுக்குத் தரப்படும் பராக்செட்டின், ஃபுளூவாக்செட்டின் போன்ற சில மருந்துகளோ, டமாக்சிஃபென் உடலில் செயல்வடிவம் பெறுவதையே தடுக்கக்கூடியவை. ஆகவே மனநல மருத்துவரிடம் புற்றுநோய் மருந்துச்சீட்டைக் காட்டுவது இன்றியமையாதது. பாதுகாப்பான மாற்று மருந்துகள் இருக்கின்றன. மனம் சரியில்லை என்று டமாக்சிஃபெனைத் தாமாகவே நிறுத்திவிடுவதும் கேடானதே.

அச்சத்தை விற்பனைப் பொருளாக்குவோரும் உள்ளனர். ஆண்டு நிறைவையொட்டி ‘முழு உடல் ஸ்கேன்’, ‘கேன்சர் மார்க்கர்’ என்று தொகுப்புகள் விளம்பரப்படுத்தப்படுகின்றன. அறிகுறி எதுவும் இல்லாதவருக்கு இவற்றை வழக்கமாகச் செய்யும்படி பன்னாட்டு மருத்துவ வழிகாட்டுதல்கள் கூறவில்லை. குறித்த இடைவெளியில் மருத்துவரின் நேரடிப் பரிசோதனையும், எஞ்சிய மார்பகத் திசுவுக்கு ஆண்டுக்கொரு மேமோகிராமும் அவை பரிந்துரைப்பவை. தழும்பருகே புதிய கட்டி, விடாத எலும்புவலி, மூச்சுத்திணறல், ஓயாத தலைவலி ஆகியவை தென்பட்டால் ஆண்டுநாளுக்காகக் காத்திராமல் மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

துறைமுகத்தில் மீன் வாங்கிக் கூடையில் சுமந்து விற்கும் பெண்களுக்கு மனக்கவலையும் கைக்கவலையும் வேறுவேறல்ல. அக்குளின் நிணநீர்க் கணுக்கள் அகற்றப்பட்டால், அந்தப் பக்கக் கையில் நீர் வடியாமல் தேங்கி ‘நிணநீர் வீக்கம்’ உண்டாகலாம். கெளுத்தி முள் குத்திய சிறு காயமும் அந்தக் கையில் கடும் தொற்றாக மாறக்கூடும். சிவந்து, சூடேறி, காய்ச்சல் வந்தால் அன்றே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். ஆனால் அந்தக் கையால் எதையுமே தூக்கக்கூடாது என்ற பழைய தடை இன்று ஏற்கப்படுவதில்லை; இயன்முறை மருத்துவரின் மேற்பார்வையில் எடையைச் சிறிது சிறிதாகக் கூட்டினால் வீக்கம் மோசமாவதில்லை என்று ஆய்வுகள் காட்டியுள்ளன. பிழைப்புக்குத் திரும்ப முடியும் என்ற நம்பிக்கை கிடைப்பதே பாதி மனமருத்துவம்.

2018 மே 29 முதல் நடைமுறையில் உள்ள மனநலப் பராமரிப்புச் சட்டம், 2017, அரசு நடத்தும் அல்லது அரசு நிதியில் இயங்கும் சேவைகளில் மனநலச் சிகிச்சை பெறுவதை ஒவ்வொருவரின் உரிமையாக்குகிறது. கடலூர் அரசுத் தலைமை மருத்துவமனையிலோ, 2021-இல் அரசு ஏற்ற சிதம்பரம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலோ புற்றுநோய்ப் பின்தொடர் சிகிச்சைக்கு வருபவர் மனநலப் பிரிவுக்கும் பரிந்துரைக்குமாறு கேட்கலாம், வெட்கப்பட ஏதுமில்லை. நேரில் செல்லத் தயங்குவோர் 14416 என்ற கட்டணமில்லாத் தொலைபேசி எண்ணில் தமிழிலேயே பேசலாம். ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்கு உட்பட்ட குடும்பங்கள் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் சேரலாம். சிகிச்சை ஆவணங்களை நோயாளி கேட்டால் 72 மணி நேரத்துக்குள் வழங்குவது மருத்துவரின் கடமை என்பதையும் மறக்கலாகாது. ஊர் மாறி மருத்துவம் பார்ப்பவருக்கு அந்த ஆவணங்களே ஆதாரம்.

தனியார் காப்பீடு வைத்திருப்போருக்கு மேற்சொன்ன சட்டத்தின் 21(4) பிரிவு துணைநிற்கிறது. உடல்நோய்க்கு உள்ள அதே அடிப்படையில் மனநோய்க்கும் காப்பீடு தரவேண்டும் என்கிறது அது. அதை மறுக்கும் நிறுவனத்திடம் முதலில் எழுத்துமூலம் முறையிட வேண்டும். ஒரு மாதத்தில் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் நிறைவு தராவிட்டாலோ, ஓராண்டுக்குள் சென்னையிலுள்ள காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் கட்டணமின்றி மனு அளிக்கலாம், வழக்கறிஞர் தேவையில்லை.