கியர்ப் பெட்டியின் வெப்பமும் கைபேசி காட்டும் எண்ணும்

தானியங்கிக் கியர்ப் பெட்டிக்கு உயிர்நிலை அதனுள் ஓடும் எண்ணெயே. ஆற்றலைக் கடத்துவதும், பற்சில்லுகளின் தேய்வைத் தடுப்பதும், வெப்பத்தை அகற்றுவதும் அதுவே. மலையேறும்போதும் பாரம் இழுக்கும்போதும் அஃது அளவிறந்து சூடேறின் விரைவிற் கெடும். எனினும், பெரும்பாலான கார்களின் முகப்பில் அவ்வெப்பநிலையைக் காட்டும் மானி இல்லை.

ஐக்கிய அமெரிக்காவில் 1996ஆம் ஆண்டு மாதிரி முதலாகக் கார்களில் 16 முனைகளுடைய ஓபிடி-2 சோதனை இணைப்புவாய் கட்டாயமாயிற்று. அதில் ஒரு சிறு கருவியைச் செருகின், காரின் கணினி தரும் எண்களைப் புளூடூத் வழியாகக் கைபேசிச் செயலி பெற்றுக் காட்டும்.

இங்கே ஒரு நுட்பம் உளது. எஞ்சின் குளிர்நீரின் வெப்பநிலைக்குரிய குறியீடு எல்லாக் கார்களுக்கும் பொது. கணினி 130 என அனுப்பின், 40ஐக் கழித்து 90 பாகை செல்சியசு எனக் கொள்ளல் வேண்டும். கியர் எண்ணெய்க்கோ குறியீட்டையும் வாய்பாட்டையும் பெரும்பாலும் அவ்வவ் உற்பத்தியாளரே வகுக்கின்றனர். ஒரு காரின் வாய்பாட்டை மற்றொன்றிற்கு இடின், செயலி தயக்கமின்றிப் பொய்யெண்ணைக் காட்டும். எரியும் எண்ணெயையும் நலமென நம்ப நேரும்.

இதனைச் சோதிக்க எளிய வழியுண்டு. இரவு முழுதும் நின்ற காரில், எஞ்சினை இயக்காது சாவியை மட்டும் திருப்பி நோக்கின், எண்ணெய், குளிர்நீர், வெளிக்காற்று ஆகிய மூன்றும் ஏறக்குறைய ஒரே வெப்பநிலையைக் காட்டல் வேண்டும். ஓடத் தொடங்கியபின் எண்ணெய் குளிர்நீரினும் மெதுவாகச் சூடேறும். இரண்டும் எஞ்ஞான்றும் ஒரே எண்ணாயின், செயலி அளப்பது குளிர்நீரையே எனத் துணியலாம்.

எதனை அளந்தது என்று தெளிந்த பின்னரே கருவி தரும் எண் அறிவாகின்றது.