ஆடாத பல் செட்

ஒரு பக்கம் கடித்தால் மறுபக்கம் தூக்குகிறது என்பது முழுப் பல் செட் போட்டவர்கள் அடிக்கடி சொல்லும் குறை. ஈறுக்கு அடியிலுள்ள எலும்பு கரைந்திருக்கலாம், எச்சில் போதாமல் இருக்கலாம். மேல்வரிசையும் கீழ்வரிசையும் சந்திக்கும் விதம் பிசகினாலும் இதே தொல்லைதான்.

இயற்கைப் பற்கள் தனித்தனியே எலும்பில் வேர்விட்டவை. பல் செட்டில் ஒரு வரிசைப் பற்கள் முழுவதும் ஒரே தகட்டில் நிற்கின்றன. தகடோ ஈரமான ஈறின் மேல் சும்மா உட்கார்ந்திருக்கிறது. ஓரத்தில் ஆள் உட்கார்ந்தால் மறுமுனை எழும்பும் பெஞ்சு போல, ஒரு பல் முந்திக்கொண்டு தொட்டாலே தகடு சாயும். அதனால் வலப்பக்கம் அரைக்கும்போது இடப்பக்கமும், முன்பல் கடிக்கும்போது கடைவாயும் தொட்டு நிற்குமாறு பற்களை அடுக்குகிறார்கள். இதுதான் சமநிலைக் கடி. சொந்தப் பற்களில் மெல்லாத பக்கம் இப்படி உரசினால் மருத்துவர் அதைக் குறையாகவே பார்ப்பார்!

காதுக்கு முன்னால் விரல் வைத்துக் கீழ்த்தாடையை முன்னே தள்ளிப் பாருங்கள். மூட்டு நகர்வது தெரியும். அது நேராகப் போவதில்லை, சரிவில் இறங்கிப் போகிறது. கூடவே தாடையின் பின்பகுதியும் இறங்க, கடைவாயில் இடைவெளி விழுகிறது. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இதை விளக்கிய டென்மார்க் பல் மருத்துவர் கிறிஸ்டென்சனின் பெயரே இந்நிகழ்வுக்கு நிலைத்துவிட்டது. இடைவெளியை அடைக்க, பின்னால் போகப் போக மேலே ஏறும் வளைவில் பற்களை அடுக்க வேண்டியிருக்கிறது.

அமெரிக்காவில் ருடால்ஃப் ஹனாவ் என்ற பொறியாளர் 1926இல் இந்தக் கணக்கை ஐந்து காரணிகளாகச் சுருக்கினார்: மூட்டின் சரிவு, முன்பற்களின் சரிவு, கடிதளத்தின் சாய்வு, வளைவு, பல் முகட்டின் உயரம். முதலாவது நோயாளியின் உடம்போடு வந்தது, யாராலும் மாற்ற முடியாது. மூட்டு செங்குத்தாக இறங்கினால் வளைவையோ முகட்டையோ கூட்டித்தான் ஈடுகட்ட வேண்டும்.

செட் தயாரான பிறகும் வேலை மிச்சமிருக்கிறது. மை தடவிய மெல்லிய தாளைப் பற்களுக்கிடையே வைத்துக் கடிக்கச் சொல்வார் மருத்துவர். நடுவில் வெளுத்து, சுற்றிலும் வளையமாக மை ஒட்டிய புள்ளிதான் அதிகம் அழுந்துகிற இடம். அதைத் துளித் துளியாக ராவி, மறுபடி கடிக்கச் சொல்லிப் பார்ப்பார்.

வாயில் உணவு புகுந்ததும் மறுபக்கத் தொடுகை விட்டுப்போகுமே, இத்தனை பாடு எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்விதான். ஆனால் உணவு அரைபட்டு மெலிந்ததும் பற்கள் மீண்டும் சந்திக்கின்றன. நாள் முழுக்க எச்சில் விழுங்கும்போதும் சந்திக்கின்றன. அந்தத் தொடுகைகளுக்காகவே இவ்வளவு பாடும் தகும் என்பேன். செட்டுக்கு அடியில் ஈறு புண்ணானால், அந்த இடத்தில் தகட்டைச் சுரண்டச் சொல்வதற்கு முன் கடியைப் பார்க்கச் சொல்லுங்கள்.