விரைவு மகிழுந்து கழுவுதல்

விரைவு மகிழுந்து கழுவுதல் என்பது, ஸ்போர்ட்ஸ் கார் எனப்படும் தாழ்வான மகிழுந்தை வண்ணப்பூச்சு கெடாதவாறு வீட்டிலேயே தூய்மை செய்யும் முறையாகும். வண்ணத்தின் மேலுள்ள ஒளிபுகும் காப்புப் படலம் பொதுவாக 40 முதல் 50 மைக்ரோமீட்டர் தடிப்பே உடையது, தலைமயிரினும் மெல்லியது.

காரைக்குடி முதலிய செட்டிநாட்டு ஊர்களில் செம்மண் தூசி மிகுதி. அதிலுள்ள மணல் துகள்கள், உலர்துணியால் துடைக்கும்போது படலத்தில் சுழல் வடிவக் கீறல்களை உண்டாக்கும். ஆகையால் முதலில் நீர் பாய்ச்சித் தூசியை இறக்குதல் வேண்டும். பின்னர் இரு வாளிகள் பயன்படுத்தப்படுகின்றன: ஒன்றில் வண்டிக்குரிய சோப்பு நீர், மற்றொன்றில் துணியை அலசும் நீர். மேலிருந்து கீழாகக் கழுவுவர். சக்கரங்களுக்குத் தனித்துணி தேவை. பாத்திரம் கழுவும் சோப்பு மெழுகுப் பூச்சை நீக்கிவிடும்.

உப்புச்செறிவு மிக்க கிணற்றுநீர் வெயிலில் உலர்ந்தால் வெண்புள்ளிகள் தங்கும். எனவே நிழலே ஏற்றது. இறுதி அலசலுக்கு மழைநீர் சிறந்தது. செட்டிநாட்டு வீடுகளில் முற்றத்து ஓட்டுக்கூரையிலிருந்து வழியும் மழைநீரைப் பாத்திரங்களில் பிடித்து வைப்பது பழைய வழக்கம்.

ஓடி வந்த வண்டியின் சூடான பிரேக்குத் தட்டுகளில் குளிர்நீர் பட்டால் அவை கோணலாம், வெடிக்கலாம். ஆறிய பின்னரே கழுவ வேண்டும். வார்ப்பிரும்புத் தட்டுகளில் சில மணி நேரத்திலேயே செந்துரு படியும். (இத்தகைய அரிமானத்தை ஆராயும் மத்திய மின்வேதியியல் ஆய்வகம் 1948 இல் காரைக்குடியிலேயே நிறுவப்பட்டது.) நனைந்த பிரேக்கு உடனே முழுமையாகப் பிடிக்காது. சாலைக்குச் செல்லுமுன் மெதுவாக ஓட்டி, பலமுறை மிதித்து, ஈரத்தையும் துருவையும் போக்குதல் அவசியம்.