மூன்று சக்கர நடைவண்டி: பார்த்து வாங்குவதும் சொல்லி விற்பதும்

மளிகைக் கடைக்காரருக்கும் குழந்தை வண்டிக்கும் என்ன சம்பந்தம் என்று அன்பர்கள் சிலர் கேட்கக்கூடும். கூடலூரிலிருந்து தேனி வரை உள்ள கடைவீதிகளில் ஒரு நடை நடந்து பார்த்தால் தெரியும். அரிசி பருப்பு விற்கிற கடை வாசலிலேயே பிளாஸ்டிக் குடம், துடைப்பம், பாய், அதற்கு மேலே கயிற்றில் தொங்கவிட்ட நடைவண்டி என்று எல்லாம் இருக்கும். சித்திரையில் வீரபாண்டி கௌமாரியம்மன் திருவிழா வந்துவிட்டால் இந்தச் சரக்குக்குத் தனி ஓட்டம். மொத்தமாக எடுத்துச் சில்லறைக்குக் கொடுக்கிற நமக்கு, வாங்கிப் போனவர்கள் திரும்பி வந்து என்ன சொல்கிறார்கள் என்பதும் காதில் விழுகிறது. அதை வைத்தும், விசாரித்துத் தெரிந்துகொண்டதை வைத்தும் இங்கே எழுதுகிறோம்.

"பிள்ளை நடை பழக ஒரு வண்டி கொடுங்க அண்ணாச்சி" என்று கேட்டு வருகிறவருக்கு இரண்டு விதமான பொருளை எடுத்துக் காட்டுவது கடைகளில் வழக்கமாக இருக்கிறது. ஒன்று மரத்தில் செய்த மூன்று சக்கர நடைவண்டி. குழந்தை எழுந்து நின்று, குறுக்குக் கட்டையைப் பிடித்துக்கொண்டு, வண்டியைத் தள்ளியபடி பின்னால் நடக்கும். மற்றொன்று வாக்கர் என்று சொல்லப்படுவது. வட்டமான பிளாஸ்டிக் வளையம், நடுவே துணி இருக்கை, அடியில் சிறு உருளைகள். குழந்தையை அதற்குள் உட்கார வைத்துவிட்டால் கால் விரலால் உந்தி வீடெல்லாம் ஓடும். இரண்டும் ஒன்றுக்கு மற்றொன்று மாற்று என்று நினைத்து விற்பது சரியல்ல. நடைவண்டியில் குழந்தை தன் காலில் நிற்கிறது. கையை விட்டால் தொப்பென்று உட்கார்ந்துவிடும், அவ்வளவுதான். வாக்கரில் உட்கார்ந்த குழந்தையோ, தானாக நிற்கத் தெரியாத வயதிலேயே ஒரு நொடியில் மூன்று அடிக்கு மேல் பாய்ந்துவிடும். பக்கத்தில் இருக்கிற பெரியவர் எழுந்திருப்பதற்குள் அது வாசற்படியில் இருக்கும்.

இது நாமாகக் கட்டிச் சொல்கிற பயம் அல்ல. கனடா நாட்டில் 2004-ம் வருடம் ஏப்ரல் மாதம் முதல் இந்த வாக்கரை விற்பதையும், இறக்குமதி செய்வதையும், விளம்பரம் செய்வதையும் சட்டப்படி தடை செய்துவிட்டார்கள். பழைய வாக்கரைக் கைமாற்றி விற்பதற்குக்கூட அங்கே அனுமதி இல்லை. அமெரிக்காவில் 1990 முதல் 2014 வரை, 15 மாதத்திற்கு உட்பட்ட குழந்தைகள் சுமார் 2 லட்சத்து 30 ஆயிரம் பேர் வாக்கரால் அடிபட்டு அவசர சிகிச்சைக்கு வந்தார்கள் என்று 2018-ல் வெளியான மருத்துவ ஆய்வு மதிப்பிட்டது. அதில் நூற்றுக்கு 90 பேருக்குத் தலையிலோ கழுத்திலோதான் அடி. நான்கில் மூன்று பங்கு, மாடிப்படியில் உருண்டு விழுந்த சம்பவங்கள். அங்குள்ள குழந்தை மருத்துவர் கழகம் இதைத் தடை செய்யச் சொல்லிப் பல வருடமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறது. வாக்கரில் போட்டால் பிள்ளை சீக்கிரம் நடக்கும் என்கிற பேச்சுக்கும் ஆதாரம் கிடையாது. விரல் நுனியால் உந்திப் பழகுவதால் நடை தள்ளிப்போகவும் கூடும் என்கிறார்கள்.

நமது பள்ளத்தாக்கில் இதற்கு இன்னொரு பக்கமும் உண்டு. கம்பம், கூடலூர், கோம்பை, போடி பக்கத்திலிருந்து விடிவதற்கு முன்பே ஜீப் ஏறி, மலை மேலே கேரளத்து ஏலத்தோட்டங்களுக்குக் கூலி வேலைக்குப் போகிற தாய்மார்கள் ஏராளம். பிள்ளையைப் பார்த்துக்கொள்வது வயதான பாட்டி. அவர் முழங்கால் வலிக்காரராக இருப்பார். "வாக்கரில் போட்டுவிட்டால் பிள்ளை ஓரிடத்தில் கிடக்கும், நான் உலையை வைத்துவிடுவேன்" என்று நம்பித்தான் வாங்குகிறார்கள். ஆனால் ஓரிடத்தில் கிடக்காது என்பதுதான் அந்தப் பொருளின் குணமே. நமது பழைய வீடுகளில் நடைக்கும் தெருவுக்கும் இடையே இரண்டு மூன்று படி இருக்கும். அடுப்பு பலவீடுகளில் தரையிலேயே இருக்கும். வாக்கரில் நிமிர்ந்து உட்கார்ந்த பிள்ளைக்குத் தவழ்கிற பிள்ளையைவிடக் கை உயரமாக எட்டும். கொதிக்கிற பாத்திரத்தின் விளிம்பு அந்த உயரத்தில் இருந்தால் என்ன ஆகும் என்று நாம் விளக்க வேண்டியதில்லை.

ஆகவே நமது கடையில் வாக்கர் சரக்கு எடுப்பதில்லை. கேட்டு வருகிற சில்லறைக் கடைக்காரர்கள் வேறு இடத்தில் வாங்கிக்கொள்கிறார்கள் என்பதும் தெரிந்ததே. அந்த வியாபாரம் போகட்டும் என்று விட்டுவிட்டோம். ஏற்கெனவே கையிருப்பு வைத்திருப்பவர்கள், படியில்லாத ஒரே மட்டமான அறைதானா, கூடவே ஆள் இருக்குமா என்று ஒரு வார்த்தையாவது கேட்டு விற்க வேண்டும். பாட்டிமார்களுக்கு நாம் சொல்கிற யோசனை, நிலைப்படியில் பிள்ளையின் நெஞ்சு உயரத்திற்குக் குறுக்குப் பலகை அடித்துத் தடுத்து, அறைக்குள் பாய் விரித்து விடுங்கள் என்பதே. பலகைச் செலவு வாக்கர் விலையில் ஒரு பங்குகூட வராது.

இனி நடைவண்டிக்கு வருவோம். இதற்கு ஏன் மூன்று சக்கரம்? முக்காலி எந்தத் தரையில் போட்டாலும் ஆடாது, நாற்காலி ஆடும். மூன்று புள்ளி எப்போதும் தரையைத் தொட்டு நிற்கும். நான்காவது புள்ளி வந்தால் தரை மேடு பள்ளமாக இருக்கிறபோது ஒன்று தூக்கிக்கொள்ளும். சாணம் மெழுகிய தரையும் கல் பாவிய முற்றமும் இருந்த காலத்தில் இந்த அமைப்பைக் கண்டவர்கள் விஷயம் தெரிந்தவர்கள். இது எவ்வளவு பழமை என்றால், கரிகாலன் காலத்துக் காவிரிப்பூம்பட்டினத்தைப் பாடும் பட்டினப்பாலையிலேயே, சிறுவர்கள் குதிரை பூட்டாத மூன்று கால் சிறுதேரை உருட்டி விளையாடிய செய்தி வருகிறது.

ஆனால் முக்காலிக்கு ஒரு பலவீனமும் உண்டு. மூன்று சக்கரத்தையும் இணைத்தால் வரும் முக்கோணத்திற்கு வெளியே பாரம் போனால் கவிழ்ந்துவிடும். நடைவண்டி வாங்குகிறபோது முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான். குழந்தை பிடித்துக்கொள்கிற கட்டை, பின் இரண்டு சக்கரங்களின் அச்சுக்கு நேர் மேலேயோ, அதற்குப் பின்னால் தள்ளியோ இருந்தால், பிள்ளை அதைப் பிடித்து எழுந்திருக்கும்போது வண்டி அதன் மேலேயே சாயும். கட்டை அச்சுக்கு முன்னால் நான்கு விரல் அளவாவது தள்ளி இருக்க வேண்டும். கடையிலேயே சோதிக்கலாம். இரண்டு கிலோ சர்க்கரைப் பையைக் கட்டையில் தொங்கவிட்டு, கட்டையைக் கொஞ்சம் நம் பக்கமாக இழுத்துப் பாருங்கள். உடனே முன் சக்கரம் தூக்கினால் அந்த லாட்டையே திருப்பி அனுப்புங்கள். ஒரு வயதுப் பிள்ளை 9 கிலோ, 10 கிலோ கனம் இருக்கும் என்பதை மறக்கக் கூடாது. பின் சக்கரங்களுக்கு நடுவே அகலம் எவ்வளவு கூடுதலோ அவ்வளவு நல்லது. லாரி வாடகையை மிச்சம் பிடிப்பதற்காகச் சிலர் அகலத்தைக் குறைத்துச் செய்து, ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கி அனுப்புகிறார்கள். அந்த மிச்சம் நமக்கு வேண்டாம்.

கட்டையின் உயரம் பிள்ளையின் தொப்புளுக்கும் நெஞ்சுக்கும் நடுவே வர வேண்டும். ஒரு வயதுப் பிள்ளை சுமார் 75 சென்டிமீட்டர் உயரம் இருக்கும் என்பதால், ஒன்றரை அடிக்குள் இருக்கிற வண்டியே பொருந்தும். "பிள்ளை வளரும்ல, பெரிசாவே கொடுங்க" என்று சட்டை எடுப்பது போலக் கேட்பார்கள். கொடுக்காதீர்கள். எட்டிப் பிடித்துத் தொங்கினால் விழத்தான் செய்யும். எந்த வயதில் வாங்குவது என்றும் கேட்பார்கள். சுவரையோ பெட்டியையோ பிடித்துத் தானாக எழுந்து நிற்கத் தொடங்கிய பிறகுதான் நடைவண்டி. பிள்ளைகள் 8 மாதத்திலிருந்து 18 மாதத்திற்குள் எப்போது வேண்டுமானாலும் தனியே நடக்கத் தொடங்கலாம் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. பக்கத்து வீட்டுப் பிள்ளை நடந்துவிட்டது என்று அவசரப்படத் தேவையில்லை.

சக்கரம் லேசாக ஓடினால் உயர்ந்த சரக்கு என்று நாம் சைக்கிளை வைத்து முடிவு கட்டுகிறோம். நடைவண்டிக்கு அது நேர்மாறு. பிள்ளை ஒரு எட்டு வைப்பதற்குள் வண்டி மூன்று எட்டு ஓடினால் முகம் குப்புற விழும். சிமெண்ட் தரையில் ஒழுங்காகப் போன வண்டி, இப்போது எல்லா வீட்டிலும் பதிக்கிற டைல்ஸ் தரையில் வழுக்கிக்கொண்டு போகிறது. பழைய சைக்கிள் டியூபை அரை அங்குல வளையமாக வெட்டிச் சக்கரத்தின் மேல் இறுக்கிப் போட்டால் பிடிப்பு வந்துவிடும், சத்தமும் குறையும். ஒரு டியூபுக்குப் பல வண்டி ஆகும். கடைப் பையனிடம் சொல்லி, மாட்டியே விற்கலாம்.

மரமும் பூச்சும் பற்றிச் சொல்ல வேண்டும். திருநெல்வேலி மாவட்டத்து அம்பாசமுத்திரம் மரச்சாமானுக்குப் பேர் போன ஊர். கடைசல் வேலையில் செய்த சொப்புச் சாமான், நடைவண்டி எல்லாம் அங்கிருந்து வருகின்றன. மஞ்சள் கடம்பு மரம்தான் பழைய வழக்கம். இப்போது ரப்பர் மரமும் கலந்து வருகிறது. கடைசலில் மரம் சுழல்கிறபோதே வண்ண அரக்குக் குச்சியை அழுத்திப் பிடித்தால், உராய்கிற சூட்டில் அரக்கு உருகி மரத்தோடு ஒட்டிக்கொள்ளும். இது உரியாது. உள்ளூரில் சட்டம் அடித்து, இரும்புக் கேட்டுக்குப் பூசுகிற எனாமல் பெயிண்டைப் பூசி விற்கிற வண்டி வேறு ரகம். பல் முளைக்கிற பிள்ளை கட்டையைக் கடிக்காமல் விடாது. வீட்டு உபயோகப் பெயிண்டில் ஈயம் 90 பிபிஎம் அளவைத் தாண்டக் கூடாது என்று மத்திய அரசு 2016-ல் போட்ட விதி, 2017 நவம்பர் முதல் நடப்புக்கு வந்தது. தொழிற்சாலைக்கென்று வருகிற பெயிண்ட் அந்த விதிக்குள் அடங்காது. ஈரமான வெள்ளைத் துணியால் தேய்த்து, சாயம் துணியில் இறங்குகிறதா என்று பார்க்கலாம். இறங்கினால் நிச்சயம் வேண்டாம். இறங்காவிட்டாலும் ஈயம் இல்லை என்று அர்த்தமல்ல. செய்தவரிடம் என்ன பெயிண்ட் என்று கேட்டுத்தான் ஆக வேண்டும். சந்தேகம் இருந்தால் பூச்சே இல்லாத, வழவழவென்று இழைத்த வண்டியை வாங்குவது உத்தமம்.

முன்னால் கடகடவென்று சத்தம் போடுகிற மரத்தட்டு, கிலுகிலுப்பை உருண்டை இருக்கிறதே, அதைக் கையால் திருகி இழுத்துப் பாருங்கள். ஒன்றேகால் அங்குலக் குழாய்க்குள் நுழைகிற எந்தப் பொருளும் சிறு பிள்ளையின் தொண்டையை அடைத்துவிடும் என்பதுதான் பரிசோதனைக்காரர்கள் வைத்திருக்கிற அளவு. கொட்டைப்பாக்கு அளவு உருண்டை கழன்று வந்தால் அந்த வண்டி கடையில் இருக்கக் கூடாது. ஆணி அடித்ததைவிடத் திருகாணி போட்டது, அதைவிடத் துளையிட்டு மர முளை அடித்தது உறுதி. உப்பு மூட்டைப் பக்கத்தில் வண்டியை அடுக்காதீர்கள், ஆணி துருவேறிவிடும். வெயிலில் தொங்கவிட்டால் மரம் சுருங்கி மூட்டு ஆடும். அடியில் மாவு உதிர்ந்து கிடந்தால் மரத்தில் பூச்சி விழுந்திருக்கிறது என்று அர்த்தம்; அதைத் தானிய மூட்டைக்குப் பக்கத்தில் வைக்கவே வேண்டாம்.

சட்டத்தையும் கவனிக்க வேண்டியிருக்கிறது. 14 வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளின் விளையாட்டுப் பொருளுக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயம் என்ற உத்தரவு 2021 ஜனவரி 1 முதல் அமலுக்கு வந்தது. செய்கிறவருக்கு மட்டுமல்ல, விற்கிறவருக்கும் சரக்கு இருப்பு வைக்கிறவருக்கும் இது பொருந்தும். 2016-ம் வருடத்து இந்தியத் தர நிர்ணயச் சட்டம் முதல் தடவைக்கே 2 லட்சம் ரூபாய்க்குக் குறையாத அபராதம் விதித்தது. மத்திய அரசின் கைவினைப் பொருள் ஆணையரிடம் பதிவு செய்துகொண்ட கைவினைஞர் தாமே செய்து விற்பதற்கு விலக்கு உண்டு. ஆகையால் மர வண்டி எடுக்கிறபோது, செய்தவரின் கைவினைஞர் அடையாள அட்டை நகலை வாங்கிப் பில்லோடு சேர்த்து வைத்துக்கொள்வது நல்லது. "எல்லாம் இருக்கு அண்ணாச்சி, அப்புறம் தர்றேன்" என்கிறவரிடம் சரக்கையும் அப்புறமே எடுத்துக்கொள்ளலாம். மின்சாரம் பாட்டரி இல்லாத விளையாட்டு வண்டிகளுக்கு ஜி.எஸ்.டி. 12 சதவீதத்திலிருந்து 2025 செப்டம்பர் 22 முதல் 5 ஆகக் குறைந்திருக்கிறது. பழைய விலைச்சீட்டைத் திருத்தாமல் இருப்பவர்கள் கவனிக்கவும்.

கடைசியாக, பிள்ளையை உட்கார வைத்துப் பெரியவர் தள்ளுகிற மூன்று சக்கர வண்டி. சென்னை, பெங்களூரில் வேலை பார்க்கிற பிள்ளைகள் விடுமுறைக்கு வரும்போது இதை எடுத்து வருகிறார்கள். நமது தெருக்களுக்குச் சின்னச் சக்கரம் நான்கு வைத்த வண்டியைவிட, காற்றடித்த பெரிய சக்கரம் மூன்று வைத்தது சுலபமாகப் போகும். முன் சக்கரம் திரும்பும்படியும், வேண்டும்போது பூட்டும்படியும் இருக்க வேண்டும். மேடு பள்ளத்தில் பூட்டியே தள்ள வேண்டும். தோள், இடுப்பு, கால் இடுக்கு மூன்றையும் பிடிக்கிற வார் கட்டாயம். நிற்கிற இடத்தில் பிரேக்கை மிதித்தே ஆக வேண்டும். கழுத்து நிற்காத பிள்ளையை நிமிர்ந்த இருக்கையில் வைக்கக் கூடாது.

இந்த வண்டியை நாம் விற்காவிட்டாலும், அது நமது கடை வாசலுக்கு வருகிறது. தாய் ஐந்து கிலோ அரிசியும் எண்ணெயும் வாங்கி, பையை வண்டியின் கைப்பிடியில் மாட்டுகிறார். பிள்ளையைத் தூக்குவதற்காக வாரை அவிழ்த்த மாத்திரத்தில் பாரம் முழுவதும் பின்பக்கம் போய், வண்டி மல்லாக்கச் சாய்கிறது. மேலே சொன்ன அதே முக்கோணக் கணக்குதான். பையைக் கைப்பிடியில் மாட்ட வேண்டாம், இருக்கைக்கு அடியில் உள்ள கூடையில் வையுங்கள் என்று சொல்லுங்கள். கூடை இல்லையென்றால், கடைப் பையனிடம் பையைக் கொடுத்து வீடு வரை அனுப்பி வையுங்கள்.