நாய்க்கு அடிக்கடி நீர்க்கடுப்பா? மருந்து கொடுத்தும் திரும்பி வருவது ஏன்?

நேற்று வரை ஒழுங்காக இருந்த நாய், திடீர் என்று கூடத்தில் ‘ஒன்றுக்கு’ப் போகிறது. அதைத் துடைத்து முடிப்பதற்குள் சமையல் அறை வாசலில் மறுபடியும் குந்துகிறது. குந்திக் குந்திப் பார்க்கிறது. வருவது என்னவோ நாலே சொட்டு!

வீட்டுக்காரருக்கு ஆத்திரம் வருகிறது. “இத்தனை வயசாகியும் புத்தி வரலையே!” என்று முதுகில் ஒன்று வைக்கிறார்.

பாவம், நாய் என்ன செய்யும்? அதன் மூத்திரப்பையில் கிருமி குடி புகுந்து விட்டது. அடக்க முடியாமல்தான் அது வீட்டுக்குள் போகிறது. இதுதான் நாய்க்கு வரும் நீர்க்கடுப்பு.

டாக்டரிடம் காட்டி, மாத்திரை கொடுத்தால் சரியாகி விடும். பலருக்குக் கதை அதோடு முடிந்து விடுகிறது. சிலருக்கு முடிவதில்லை.

“போன மாசம்தானே ஊசி போட்டோம்? மறுபடியும் ஆரம்பிச்சுட்டுதே!” என்ற புலம்பல் சில வீடுகளில் வருடம் முழுவதும் கேட்கிறது. பணமும் போகிறது. நாயும் மெலிகிறது. கடைசியில் “இதை எங்காவது கொண்டு போய் விட்டு விடலாமா?” என்ற பேச்சு வரை போய் விடுகிறது.

அப்படிச் செய்ய வேண்டியதே இல்லை. திரும்பத் திரும்ப வருகிறது என்றால் உள்ளே வேறு ஒரு காரணம் ஒளிந்து கொண்டு இருக்கிறது என்று அர்த்தம். அதைக் கண்டுபிடித்து விட்டால் பாதி வெற்றி!

அடையாளம் என்ன?

அடிக்கடி குந்துவது, கொஞ்சம் கொஞ்சமாகப் போவது, போகும்போது முனகுவது, மூத்திரத்தில் ரத்தம் கலந்து வருவது, வழக்கத்துக்கு மாறான நாற்றம், பின்பக்கத்தை ஓயாமல் நக்குவது. இதில் ஏதாவது ஒன்று தெரிந்தாலே டாக்டரிடம் போக வேண்டும்.

இதோடு காய்ச்சல், வாந்தி, சாப்பிட மறுப்பது எல்லாம் சேர்ந்து கொண்டால் இன்னும் அவசரம். கிருமி மேலே ஏறி சிறுநீரகத்தைப் பிடித்து இருக்கலாம்.

கிருமி எங்கே இருந்து வருகிறது?

வெளியூரில் இருந்து வரவில்லை. நாயின் குடலில் இருக்கும் ‘ஈ.கோலை’ என்ற கிருமிதான் பல நேரம் வம்புக்குக் காரணம். மலத்தில் வெளியே வந்து, மூத்திர வழியாக மேலே ஏறிப் பையில் தங்கி விடுகிறது. தோலில் இருக்கும் ‘ஸ்டபிலோகாக்கஸ்’ கிருமியும், ‘புரோட்டியஸ்’ என்ற கிருமியும் இதே வேலையைச் செய்வது உண்டு.

பெண் நாய்களைத்தான் இது அதிகம் பிடிக்கிறது. அவைகளுக்கு மூத்திரக் குழாய் நீளம் குறைவு, அகலம் அதிகம். கிருமிக்குக் குறுக்கு வழி கிடைத்த மாதிரி!

ஆண் நாய்க்குக் குழாய் நீளம். ஆகவே சுலபத்தில் வராது. அப்படியும் வந்தால் அதை லேசாக நினைக்கக் கூடாது. கருத்தடை செய்யாத ஆண் நாயாக இருந்தால் ‘பிராஸ்டேட்’ சுரப்பியில் கிருமி புகுந்து இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அங்கே புகுந்து விட்டால் வாரக் கணக்கில் மருந்து தேவைப்படும்.

எத்தனை தடவை வந்தால் ஆபத்து?

இதற்குக் கணக்கு இருக்கிறது. நாய், பூனைகளின் தொற்று நோய் பற்றி ஆராயும் சர்வதேச டாக்டர்கள் சங்கம் 2019-ம் ஆண்டில் ஒரு வழிகாட்டி வெளியிட்டது.

6 மாதத்தில் 2 தடவை, அல்லது 12 மாதத்தில் 3 தடவை வந்து விட்டால் அது ‘திரும்பத் திரும்ப வரும் நோய்’. அதற்குப் பிறகும் அதே மாத்திரையை வாங்கிப் போட்டுக் கொண்டு இருந்தால் பிரயோஜனம் இல்லை. காரணத்தைத் தேட வேண்டும் என்கிறது அந்த வழிகாட்டி.

எப்போதாவது ஒரு முறை வரும் சாதாரண நீர்க்கடுப்புக்கு 3 முதல் 5 நாள் மருந்தே போதும் என்றும் அது சொல்கிறது. முன்பு எல்லாம் 2 வாரம் கொடுப்பது வழக்கமாக இருந்தது.

பழைய ஆளா, புது ஆளா?

திரும்ப வந்தது பழைய கிருமியா, புதிய கிருமியா? இந்தக் கேள்விக்குப் பதில் தெரியாமல் மருந்து கொடுப்பது, இருட்டில் கல் எறிவது போல.

பழைய கிருமியே திரும்ப வந்தால், அது உள்ளே எங்கோ பதுங்கி இருந்து இருக்கிறது. கல்லுக்குள் இருக்கலாம். சிறுநீரகத்தில் இருக்கலாம். அல்லது கொடுத்த மருந்துக்கு அது மசியவில்லை.

ஒவ்வொரு தடவையும் புதுப்புது கிருமி வந்தால், வாசல் கதவு திறந்து கிடக்கிறது என்று அர்த்தம். உடலின் பாதுகாப்பில் எங்கோ ஓட்டை!

இதைச் சொல்லும் சோதனைக்கு ‘கல்ச்சர்’ என்று பெயர். மூத்திரத்தில் உள்ள கிருமியை வளர்த்துப் பார்த்து, எந்த மருந்துக்கு அது சாகிறது என்றும் சொல்லி விடுவார்கள். முடிவு வர இரண்டு, மூன்று நாள் ஆகும். மாத்திரையை ஆரம்பிப்பதற்கு முன்பே இந்தச் சோதனைக்குக் கொடுத்து விட வேண்டும். முதலில் மாத்திரை, பிறகு சோதனை என்றால் கிருமி பிடிபடாமல் போய் விடும்.

கல்ச்சருக்கு ஊசி மூலம் வயிற்று வழியாகப் பையில் இருந்து நேராக எடுப்பதுதான் சிறந்தது. கேட்கும்போது பயமாக இருக்கும். ஆனால் டாக்டருக்கு அது சில விநாடி வேலை. தடுப்பு ஊசி போடுகிற வலிதான்.

சாதாரண சோதனைக்கு வீட்டிலேயே பிடிக்கலாம். காலையில் பெண் நாய் குந்தும்போது, பின்பக்கமாகச் சுத்தமான தட்டை நீட்டினால் போதும். முதலில் வருவதை விட்டு விட்டு நடுவில் வருவதைப் பிடிக்க வேண்டும். (அந்தத் தட்டை மறுபடி அடுக்களைக்குக் கொண்டு போக வேண்டாம்!) பிடித்ததை அரை மணி நேரத்துக்குள் கொடுக்க வேண்டும். முடியாவிட்டால் மூடி போட்ட பாட்டிலில் ஊற்றிக் குளிர்ப்பெட்டியில் வைக்க வேண்டும்.

கல் இருக்கிறதா?

நாயின் மூத்திரப்பையிலும் கல் உண்டாகிறது. இதில் ஒரு வேடிக்கை: சில கிருமிகளே கல்லை உண்டாக்குகின்றன!

ஸ்டபிலோகாக்கஸ், புரோட்டியஸ் போன்ற கிருமிகள் மூத்திரத்தில் உள்ள யூரியாவைப் பிரித்து, அம்மோனியாவாக மாற்றுகின்றன. மூத்திரத்தின் தன்மை மாறுகிறது. ‘ஸ்ட்ரூவைட்’ என்ற கல் வளர்கிறது. கிருமி அந்தக் கல்லுக்குள்ளேயே பத்திரமாக ஒளிந்து கொள்கிறது. மருந்து தீர்ந்ததும் மெல்ல வெளியே வருகிறது!

இந்த வகைக் கல்லை ஆபரேஷன் இல்லாமலே, தனி உணவும் மருந்தும் கொடுத்துக் கரைத்து விடலாம். ஆனால் ‘கால்சியம் ஆக்சலேட்’ கல் கரையாது. வெளியேதான் எடுக்க வேண்டும். எக்ஸ்ரே, ஸ்கேன் எடுத்தால் கல் தெரிந்து விடும்.

தண்ணீர்க் குடம் காலியா?

வேறு வியாதியின் வாலைப் பிடித்துக் கொண்டும் இந்தத் தொல்லை வருகிறது.

சர்க்கரை வியாதி நாய்க்கும் உண்டு. இனிப்பு கலந்த மூத்திரம் கிருமிக்கு விருந்து. உடம்பில் ‘கார்ட்டிசால்’ அதிகம் சுரக்கும் ‘குஷிங்’ நோய், சிறுநீரகக் கோளாறு ஆகியவையும் இதற்கு வழி விடும்.

இதை வீட்டிலேயே ஓரளவு கண்டுபிடிக்கலாம். நாய் ஒரு நாளில் குடிக்கும் தண்ணீரை அளந்து பார்க்க வேண்டும். ஒரு கிலோ எடைக்கு 100 மில்லிக்கு மேல் போனால் அது சரி இல்லை. அதாவது 10 கிலோ நாய் தினம் 1 லிட்டருக்கு மேல் குடித்தால், உடனே டாக்டரிடம் சொல்ல வேண்டும்.

சொறி, அரிப்புக்காக மாதக் கணக்கில் ‘ஸ்டீராய்டு’ மருந்து சாப்பிடும் நாய்க்கும் எதிர்ப்பு சக்தி குறைந்து நீர்க்கடுப்பு வரும். அந்த மாத்திரையைத் தானாக நிறுத்தி விடவும் கூடாது. டாக்டரிடம் சொல்லிப் படிப்படியாகக் குறைக்க வேண்டும்.

குண்டான பெண் நாய்களுக்கு இன்னொரு சங்கடம். பிறப்புறுப்பைச் சதை மடிப்பு மூடிக் கொள்ளும். ஈரமும் அழுக்கும் அங்கேயே தங்கும். எடையைக் குறைத்து, அந்த இடத்தைத் துடைத்து உலர்த்தி வந்தால் பலருக்குக் குணம் தெரியும். அப்படியும் கேட்காவிட்டால் சிறிய ஆபரேஷன் இருக்கிறது.

கருத்தடை செய்த சில பெண் நாய்களுக்குத் தூக்கத்தில் மூத்திரம் கசியும். அதற்குத் தனி மருந்து உண்டு. இதற்காகக் கருத்தடையே வேண்டாம் என்று முடிவு கட்டக் கூடாது.

ஏன் என்றால், கருத்தடை செய்யாத பெண் நாய்க்குக் கர்ப்பப்பையில் சீழ் பிடிக்கும் ஆபத்து இருக்கிறது. தண்ணீர் நிறையக் குடிப்பது, சோர்வு, பின்பக்கம் சீழ் வடிவது. பார்ப்பதற்கு நீர்க்கடுப்பு மாதிரியே இருக்கும். ஆனால் இது உயிருக்கே உலை வைக்கும். உடனே ஆஸ்பத்திரிக்குத் தூக்க வேண்டும்.

வயதான நாய்க்கு ரத்தமாகவே போய்க் கொண்டு இருந்தால், பையில் கட்டி இருக்கிறதா என்று ஸ்கேன் எடுத்துப் பார்ப்பதும் அவசியம்.

ஒரு சொட்டு கூட வரவில்லையா?

ஆண் நாய் காலைத் தூக்கித் தூக்கிப் பார்க்கிறது. முக்குகிறது. ஒரு சொட்டு கூட வரவில்லை. வயிறு கல் மாதிரி இருக்கிறது.

“காலையில பாத்துக்கலாம்” என்று படுக்கப் போய் விடக் கூடாது! கல் குழாயை அடைத்துக் கொண்டு இருக்கலாம். வெளியேற வேண்டிய நஞ்சு ரத்தத்தில் ஏறும். பை வெடிக்கவும் கூடும். ராத்திரி ஆனாலும் வண்டி பிடித்து ஓட வேண்டும்.

ஆபீஸ் போகிறவர்கள் கவனிக்க

காலை 7 மணிக்கு வீட்டைப் பூட்டிக் கொண்டு மின்சார ரெயிலைப் பிடிக்கிறார்கள். திரும்புவது இரவு 8 மணி. அடுக்கு மாடி வீட்டில் அந்த 13 மணி நேரமும் நாய் அடக்கிக் கொண்டு கிடக்கிறது!

மூத்திரம் போவதுதான் கிருமியை வெளியே தள்ளுவதற்கு இயற்கை வைத்த வழி. தேங்கத் தேங்க கிருமிக்குக் கொண்டாட்டம். பெரிய நாயாக இருந்தாலும் 6, 8 மணி நேரத்துக்கு ஒரு முறை வெளியே விட வேண்டும். பக்கத்து வீட்டுப் பையனையோ, காவல்காரரையோ மத்தியானம் ஒரு நடை கூட்டிப் போகச் சொல்லலாம். கடையில் காவலுக்குக் கட்டி வைத்து இருக்கும் நாய்க்கும் இதே கதைதான்.

கிண்ணத்தில் எந்நேரமும் நல்ல தண்ணீர் இருக்க வேண்டும். சென்னை வெயிலுக்கு இரண்டு இடத்தில் வைத்தாலும் தப்பு இல்லை. உலர்ந்த தீனி மட்டும் சாப்பிடும் நாய்க்கு அதில் கொஞ்சம் தண்ணீர் கலந்து கொடுக்கலாம். பின்பக்கம் நீளமான முடி இருந்தால் கத்தரித்து விடலாம்.

கை வைத்தியம் பலிக்குமா?

வாழைத்தண்டுச் சாறு, பார்லி தண்ணீர், இளநீர் என்று ஆளுக்கு ஒன்று சொல்வார்கள். அதில் இருக்கும் தண்ணீரால் கொஞ்சம் நன்மை இருக்கலாம். ஆனால் கிருமி அதற்கு எல்லாம் சாகாது. வெளிநாட்டு ‘கிரான்பெரி’ மாத்திரையும் நாய்களுக்கு உறுதியான பலன் தந்ததாக நிரூபணம் ஆகவில்லை.

மனிதர் சாப்பிடும் வலி மாத்திரையைக் கொடுப்பது பெரிய தப்பு. ‘இபுபுரூபன்’ போன்றவை நாயின் வயிற்றைப் புண்ணாக்கிச் சிறுநீரகத்தையும் கெடுத்து விடும்.

போன தடவை மீந்த மாத்திரையை எடுத்துக் கொடுப்பதும், இரண்டு நாளில் குணம் தெரிந்ததும் நிறுத்தி விடுவதும் அதே மாதிரி தப்புதான். அரைகுறை மருந்தில் பிழைத்த கிருமி, அடுத்த தடவை அந்த மருந்துக்கு அடங்காது. “எதுக்கும் இருக்கட்டும்” என்று வருடம் பூராவும் மாத்திரை கொடுப்பதையும் டாக்டர்கள் சங்கத்தின் வழிகாட்டி ஆதரிக்கவில்லை. தொந்தரவு எதுவும் இல்லாமல் சோதனையில் மட்டும் கிருமி தெரிந்தால், பெரும்பாலும் மருந்தே தேவை இல்லையாம்!

அடிக்கடி வரும் நாய்க்கு, மருந்து முடிந்த 5 முதல் 7 நாளுக்குள் இன்னொரு கல்ச்சர் செய்து பார்க்கலாம். கிருமி ஒழிந்ததா, ஒளிந்ததா என்று அப்போது தெரியும்.

வேப்பேரிக்குப் போகும்போது

1903-ம் ஆண்டில் தொடங்கப்பட்ட சென்னை கால்நடை மருத்துவக் கல்லூரியின் ஆஸ்பத்திரி வேப்பேரியில் இருக்கிறது. அங்கே போனாலும், தெருக்கோடி டாக்டரிடம் போனாலும், ஒரு சின்ன நோட்டுப் புத்தகத்தைக் கையோடு கொண்டு போவது நல்லது.

எந்தத் தேதியில் ஆரம்பித்தது, எந்த மாத்திரை, எத்தனை நாள் கொடுத்தது, நின்று எத்தனை நாளில் திரும்ப வந்தது, தினம் எவ்வளவு தண்ணீர் குடிக்கிறது. இந்த ஐந்தையும் எழுதிக் காட்டினால் டாக்டருக்குப் பாதி வேலை மிச்சம்.

வாய் இல்லாத ஜீவன் “எனக்கு எரிகிறது” என்று சொல்லாது. கூடத்தில் நாலு சொட்டு விட்டுத்தான் சொல்லும். தடியை எடுப்பதற்கு முன்னால் அந்த நாலு சொட்டில் ரத்தம் இருக்கிறதா என்று குனிந்து பார்க்க வேண்டும்.