கடைக்காரர் அடித்த காசு

அமெரிக்க உள்நாட்டு யுத்தத்தின் இரண்டாம் ஆண்டாகிய 1862-இல், வடமாநிலங்களின் நகரங்களில் ரொட்டி வாங்கவும் டிராம் ஏறவும் சில்லறை அகப்படாமல் ஜனங்கள் திண்டாடினார்கள். முந்திய டிசம்பர் இறுதியிலேயே பாங்குகள் நோட்டுக்கு ஈடாகத் தங்கமும் வெள்ளியும் கொடுப்பதை நிறுத்திவிட்டமையாலும், அரசாங்கத்தின் காகிதப் பணம் மதிப்பில் இறங்கிவந்தமையாலும், முதலில் தங்கமும், பின்னர் வெள்ளியும், கடைசியில் செம்பும் நிக்கலும் கலந்த ஒரு சென்ட் காசுங்கூட வீட்டுப் பெட்டிகளுக்குள் புகுந்துவிட்டன. ஜூலையில் தபால் தலைகளையே பணமாக வழங்கக் காங்கிரஸ் சபை அனுமதித்தது. பசை தடவிய அத்தலைகளோ கைக்குக் கை மாறுவதற்குள் ஒட்டிக் கிழிந்தன. ஜான் கால்ட் என்பவர் அவற்றைப் பித்தளை வில்லையில் வைத்து மைக்காத் தகட்டால் மூடும் உபாயத்துக்குப் பேடண்ட் பெற்றார். ஆயினும் அவ்வில்லைகளுக்குத் தலையின் விலையோடு உறையின் செலவும் சேர்ந்துவிட்டது.

இந்நிலையில்தான் சின்சினாட்டி முதலிய நகரங்களின் வியாபாரிகள், அச்சு வெட்டும் சிற்பிகளிடம் சொல்லி, சென்ட் அளவிலேயே டோக்கன்களை அடித்துக்கொண்டார்கள். ஒரு முகத்தில் கடையின் பெயரும் தெருவும், மறுமுகத்தில் கொடியோ சுதந்திர தேவியின் சிரமோ அமைந்தன. மறுமுக அச்சு ஒன்றையே பல கடைகளுக்கும் மாற்றி மாற்றிப் பொருத்தியமையால், பதினாயிரத்துக்கும் மேற்பட்ட வகைகள் தோன்றின. கள்ள நாணயம் என்ற குற்றச்சாட்டுக்குத் தப்ப எண்ணிய சிலர், ‘ஒரு சென்ட்’ என்பதைப் பெரிதாகவும் ‘அன்று’ என்பதைக் கண்ணுக்கு எளிதில் தென்படாத சிற்றெழுத்திலும் பொறித்தனர்.

இந்த டோக்கன் வில்லையில் இருந்த செம்பு ஒரு சென்ட்டுக்கு மிகவும் குறைந்ததாயினும், கடைக்காரர் திரும்ப ஏற்பார் என்ற நம்பிக்கையே அதைச் செலாவணியாக்கிற்று. அந்நம்பிக்கைக்குச் சட்டத்தின் துணை கிடையாது. நியூயார்க்கில் லிண்டன்முல்லர் என்ற மதுக்கடைக்காரர் பத்து லட்சம் வில்லைகள் வெளியிட்டார். பயணிகளிடம் கட்டணமாகப் பெற்ற அவற்றை மாற்றித் தரும்படி மூன்றாம் அவென்யூ டிராம் கம்பெனி கேட்டபோது, அவர் மறுத்துவிட்டார். கம்பெனியால் ஒன்றும் செய்ய இயலவில்லை.

1864 ஏப்ரலில் இயற்றப்பட்ட சட்டம் தனியார் அடிக்கும் ஒரு சென்ட், இரண்டு சென்ட் காசுகளைத் தண்டனைக்குரியனவாக்கியது. அதே சட்டம், 72 கிரெயின் எடையுள்ள பழைய சென்ட்டைக் கைவிட்டு, வியாபாரிகளின் வில்லையைப் போலவே மெல்லியதாக, 48 கிரெயினில் வெண்கலச் சென்ட்டைப் புகுத்தியது. காசின் மதிப்பு முழுதும் அதன் உலோகத்தில் அடங்கியிருக்க வேண்டியதில்லை என்பதைக் கடைத்தெரு முன்னரே பரீட்சித்துப் பார்த்துவிட்டது. அரசாங்கம் அதனுடன் சேர்த்தது, சட்டத்தின் துணையை.