ஒரு செல்லில் எத்தனை சமநிலைகள்?

மனித உடலின் பெரும்பாலான செல் வகைகளில், ஒரு மில்லிமீட்டரின் ஆயிரத்தில் ஒரு பங்குகூட இடைவெளி இல்லாமல் அருகருகே அமைந்த இரண்டு அறைகளில் ஒன்றின் ஒடுக்க மின்னழுத்தம் ஏறத்தாழ -310 மில்லிவோல்ட்டாகவும், மற்றொன்றினுடையது -200 மில்லிவோல்ட்டை ஒட்டியும் இருக்கிறது. ஒரு பொருள் எலக்ட்ரானை இழப்பது ஆக்சிஜனேற்றம் எனவும் பெறுவது ஒடுக்கம் எனவும் வழங்கப்படுகின்றன. மேற்சொன்ன மில்லிவோல்ட் எண் எவ்வளவு எதிர்மறையாக உள்ளதோ, அந்த அளவுக்கு அவ்விடம் எலக்ட்ரானைக் கொடுக்க ஆயத்தமாக உள்ளது என்று கொள்ளலாம். அவ்விரு அறைகளில் முதலாவது சைட்டோபிளாசத்தின் நீர்மப் பகுதி; இரண்டாவது, இன்சுலின், எதிர்ப்பொருள் போன்று செல்லைவிட்டு வெளியேற வேண்டிய புரதங்கள் மடிந்து உருப்பெறும் எண்டோபிளாச வலைப்பின்னல். அப்புரதங்களின் வடிவத்தைப் பிடித்து நிறுத்துபவை இரண்டு கந்தக அணுக்கள் கைகோத்து உண்டாகும் டைசல்பைடு பிணைப்புகள் என்பதாலும், அப்பிணைப்பு உருவாக எலக்ட்ரான்கள் நீங்கியாக வேண்டும் என்பதாலும், அந்த அறை ஆக்சிஜனேற்றத்தின் பக்கம் சாய்ந்திருப்பது நோயின் அறிகுறி ஆகாது. அதன் வேலையே அப்படி அமைந்தது. ஆக்சிஜனேற்றம் என்றாலே கேடு என்று நம்பவைக்கும் விளம்பரங்கள் இந்த எளிய உண்மையைச் சொல்வதில்லை.

இந்த மின்னழுத்தக் கணக்கில் முதன்மையான இடம் குளுட்டாதயோன் என்னும் சிறு மூலக்கூறுக்கு உரியது. மூன்று அமினோ அமிலங்கள் இணைந்த இதற்கு, கேம்பிரிட்ஜ் ஆய்வாளர் ஃப்ரெடெரிக் காவ்லண்ட் ஹாப்கின்ஸ் 1921இல் இப்பெயரை இட்டார். செல்லுக்குள் லிட்டருக்கு 1 முதல் 10 மில்லிமோல் வரை, அதாவது ஒரு சிறு மூலக்கூறுக்கு மிகத் தாராளமான அளவில், இது நிறைந்திருக்கிறது. இதன் நடுவிலுள்ள சிஸ்டீனின் கந்தகம் எலக்ட்ரானைக் கொடுத்துவிட்டால், அவ்வாறு இழந்த இரண்டு மூலக்கூறுகள் ஒன்றோடொன்று ஒட்டி இரட்டை வடிவம் பெறுகின்றன. குளுட்டாதயோன் ரிடக்டேஸ் என்னும் நொதி அந்த இரட்டையை மீண்டும் பிரித்து ஒற்றைகளாக்குகிறது. ஒற்றை வடிவத்தின் செறிவை வர்க்கப்படுத்தி, இரட்டை வடிவத்தின் செறிவால் வகுத்துக் கிடைக்கும் எண்ணை நெர்ன்ஸ்ட் சமன்பாட்டில் இட்டால் மில்லிவோல்ட் அளவு வந்துவிடும்.

சமன்பாட்டில் சிக்கல் எதுவும் இல்லை. அதற்குள் இடவேண்டிய எண்களைப் பெறும் வழியில்தான் நெடுங்காலம் பிழை இருந்தது. ஆயிரக்கணக்கான செல்களை அரைத்து, அச்சாற்றில் எல்மன் வினைப்பொருளைச் சேர்த்து, எழும் மஞ்சள் நிறத்தை 412 நானோமீட்டர் அலைநீளத்தில் அளந்து, இரண்டு வடிவங்களின் அளவையும் கணக்கிடுவதே பழைய முறை. 1969இல் ஆய்வாளர் டீட்சே செப்பனிட்டுத் தந்த அதன் வடிவம் இன்றும் பல ஆய்வகங்களில் புழக்கத்தில் உள்ளது. அரைக்கும்போது எல்லா அறைகளும் கலந்துவிடுவதால் கிடைக்கும் விடை, அடுப்படியின் வெப்பத்தையும் கிணற்றடியின் குளிர்ச்சியையும் கூட்டிச் சராசரி எடுத்து, இதுதான் வீட்டின் வெப்பநிலை என்று சொல்வதற்கு ஒப்பானது. அதைவிடப் பெரிய குறை இன்னொன்று உண்டு. சைட்டோபிளாசத்தில் குளுட்டாதயோன் 10 மில்லிமோலாகவும் மின்னழுத்தம் -320 மில்லிவோல்ட்டாகவும் இருப்பதாகக் கொண்டால், கணக்கின்படி இரட்டை வடிவம் லிட்டருக்கு 0.2 மைக்ரோமோல் மட்டுமே, அதாவது ஐம்பதாயிரம் ஒற்றைக்கு ஓர் இரட்டை என்ற விகிதத்தில், இருக்க முடியும். செல்களை அரைக்கும் அந்தச் சில நிமிடங்களில் காற்றுப் பட்டு, நூற்றில் ஒரு பங்கு குளுட்டாதயோன் ஆக்சிஜனேற்றம் அடைந்தாலும் இரட்டை வடிவம் 50 மைக்ரோமோலாக, அதாவது 250 மடங்காக, உயர்ந்துவிடும். கருவி காட்டும் மின்னழுத்தமும் -249 மில்லிவோல்ட்டுக்கு ஏறிவிடும். செல்லில் இல்லாத ஆக்சிஜனேற்றத்தை அளப்பவரே உண்டாக்கி, அதையே அளந்து எழுதிவைக்கும் நிலை இது.

செல்லை உடைக்காமல் அளக்கும் முயற்சிகளும் பழையவையே. எலக்ட்ரான் ஏந்திய நிலையிலுள்ள என்.ஏ.டி.எச். என்னும் துணைநொதி, புற ஊதா ஒளி பட்டால் நீலமாக ஒளிரும் என்பதையும், எலக்ட்ரானை இழந்தபின் ஒளிர்வதில்லை என்பதையும் பயன்படுத்தி, பிரிட்டன் சான்ஸ் என்னும் ஆய்வாளரும் அவருடைய கூட்டாளிகளும் 1962இலேயே மயக்கமூட்டிய எலிகளின் மூளையிலும் சிறுநீரகத்திலும் அளவெடுத்தனர். எதையும் சேர்க்கவேண்டியதில்லை என்பது இம்முறையின் சிறப்பு, என்.ஏ.டி.பி.எச். என்னும் மற்றொரு துணைநொதியும் அதே நிறத்தில் ஒளிர்வதால், இரண்டையும் எளிதில் பிரித்தறிய முடியாது என்பது அதன் குறை. செல்லுக்குள் செலுத்தினால் ஆக்சிஜனேற்றத்தின்போது பச்சையாக ஒளிரும் டைகுளோரோஃப்ளூரசீன் வகைச் சாயங்கள் மலிவானவை, பரவலானவை. ஆனால் எந்தப் பொருளோடு வினைபுரிந்தன என்பதைத் தெளிவாகச் சொல்லாதவை என்பதால் அவற்றை நம்பி எழுதப்பட்ட முடிவுகளைத் தயக்கத்தோடுதான் ஏற்கவேண்டியுள்ளது.

இத்துறையின் திருப்புமுனை ஒரு ஜெல்லிமீனிலிருந்து வந்தது. ஒசாமு ஷிமோமுரா பிரித்தெடுத்ததும், அவருக்கும் மார்ட்டின் சால்ஃபி, ரோஜர் சியென் ஆகியோருக்கும் 2008ஆம் ஆண்டின் வேதியியல் நோபல் பரிசைப் பெற்றுத் தந்ததுமான பச்சை ஒளிர்புரதம், பீப்பாய் போன்ற வடிவமுடையது. 2004இல் அமெரிக்காவின் ஓரிகன் பல்கலைக்கழகத்தில் ஜேம்ஸ் ரெமிங்டனின் குழு, சியெனின் குழுவோடு இணைந்து, அந்தப் பீப்பாயின் சுவரில் அருகருகே அமைந்த 147, 204 ஆகிய இடங்களில் சிஸ்டீனைப் பொருத்தியது. சூழல் ஆக்சிஜனேற்றத்தின் பக்கம் சாய்ந்தால் அவ்விரு சிஸ்டீன்களுக்கும் இடையே டைசல்பைடு பிணைப்பு உண்டாகி, பீப்பாய் மிகச் சிறிதளவு நெளிகிறது. அதன் விளைவாகப் புரதம் 400 நானோமீட்டர் ஒளியைக் கூடுதலாகவும் 490 நானோமீட்டர் ஒளியைக் குறைவாகவும் உள்வாங்குகிறது. ஒடுக்கச் சூழலில் இது தலைகீழாகிறது. இரண்டு ஒளிகளையும் மாறிமாறிப் பாய்ச்சி, வெளிப்படும் பச்சை ஒளிர்வுகளின் விகிதத்தைக் கணக்கிட்டால், செல்லில் அப்புரதம் எவ்வளவு இருக்கிறது, செல் எவ்வளவு தடிமனாக உள்ளது என்பவை விடையைப் பாதிப்பதில்லை. ஆய்வின் முடிவில், செல்லின் மேல் டைஅமைடு ஊற்றி முழு ஆக்சிஜனேற்றத்தையும், டைதயோத்ரைட்டால் ஊற்றி முழு ஒடுக்கத்தையும் உண்டாக்கி, அவ்விரு எல்லைகளுக்கு இடையே முன்பு கண்ட விகிதம் எங்கே நின்றது என்று பார்த்தே மில்லிவோல்ட் கணக்கிடப்படுகிறது.

இப்புரதத்தை மரபணு வடிவில் செலுத்தும்போது ஒரு முகவரிச் சீட்டையும் சேர்த்துவிட்டால், விரும்பிய அறைக்குள் அது தானே போய்ச் சேரும் என்பதால், மைட்டோகாண்ட்ரியாவைத் தனியாகவும் சைட்டோபிளாசத்தைத் தனியாகவும் அளக்க வழி பிறந்தது. ஆயினும் -280 மில்லிவோல்ட்டை நடுப்புள்ளியாகக் கொண்ட இதன் ஒரு வகை, எண்டோபிளாச வலைப்பின்னலில் ஏறத்தாழ முழுமையாக ஆக்சிஜனேற்றம் அடைந்து மாற்றம் காட்டாமல் நின்றுவிட்டதால், அவ்வறைக்கு வேறு வகைகளை உருவாக்க வேண்டியிருந்தது. முதல் வடிவம் மெதுவாகவே வினைபுரிந்தது. ஜெர்மனியின் ஹைடல்பெர்க்கில் டோபியாஸ் டிக்கின் குழு 2008இல் மனித குளுட்டாரெடாக்சின் என்னும் நொதியை அதனோடு இணைத்தபின், குளுட்டாதயோனின் நிலையை மட்டும் தனித்து, விரைவாகக் காட்டும் கருவியாக அது மாறியது.

இதன் பயன் இந்தியாவுக்கும் நேரடியாக வந்தது. காசநோய்க் கிருமியில் குளுட்டாதயோன் கிடையாது. அதன் வேலையை மைக்கோதயால் என்னும் மூலக்கூறு பார்க்கிறது. மைக்கோதயாலை உணரும் நொதியைப் பச்சைப் புரதத்தோடு இணைத்து, இந்தியாவில் அமித் சிங் தலைமையிலான ஆய்வாளர்கள் 2014இல் வெளியிட்ட ஆய்வு, பெருவிழுங்கு செல்களுக்குள் புகுந்த கிருமிகள் அனைத்தும் ஒரே நிலையில் இருப்பதில்லை என்று காட்டியது. ஒடுக்க நிலையில் இருந்த கிருமிகள் மருந்தைத் தாக்குப்பிடித்தன. ஆக்சிஜனேற்ற நிலையில் இருந்தவை எளிதில் மடிந்தன. அரைத்து அளந்திருந்தால் ஒரு சராசரி எண் கிடைத்திருக்கும். தப்பிப் பிழைக்கும் சிறு கூட்டம் அதற்குள் மறைந்துபோயிருக்கும்.

ஆய்வகத்தில் செய்வதைப் போல நோயாளியின் செல்களுக்குள் இந்த மரபணுவைச் செலுத்தி அளப்பது மருத்துவமனையில் நடைமுறைக்கு வந்ததில்லை. அங்கே அளக்கக் கிடைப்பது பெரும்பாலும் இரத்தம்தான். அதிலும் குருதி எடுத்த உடனேயே என்-எத்தில்மாலிமைடு போன்ற, கந்தக முனைகளை அடைத்துவைக்கும் பொருளைச் சேர்க்காவிட்டால், மேலே கணக்கிட்டுக் காட்டிய அதே பிழை நேரும். சரியாக எடுத்த அளவும் கல்லீரல் செல்லின் மைட்டோகாண்ட்ரியாவைப் பற்றி எதுவும் சொல்லாது. உடலின் ஆக்சிஜனேற்ற அழுத்தம் இவ்வளவு என்று ஒற்றை எண்ணைத் தரும் பரிசோதனைக்குப் பணம் கட்டுவதற்கு முன், எந்த மாதிரியில், எந்தப் பொருள், எந்த முறையில் அளக்கப்பட்டது என்பதைக் கேட்டறிந்துகொள்வது நல்லது.